ஐந்து டிகிரி ஆறு

பாடிங்டனிலிருந்து ஹெரிஃபோர்டுக்குப் போகும் ரயில் ஊஸ்டரைத் தாண்டியதும் மால்வர்ன் குன்றுகளுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வந்தால் நிலமே வேறாக இருக்கிறது. சிவப்பு மண், தாழ்ந்த மேடுகள், சைடர் தயாரிக்க வளர்க்கும் ஆப்பிள் தோட்டங்கள். பிப்ரவரியில் அந்த மரங்களில் ஓர் இலைகூட மிஞ்சுவதில்லை. புல்லுருவி மட்டும் கிளைகளில் பச்சைப் பந்து பந்தாகத் தொங்குகிறது.

அக்கா வீட்டுக்குத்தான் போனேன். பிப்ரவரியில் வரச் சொன்னது அத்தான். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 14 வரைதான் தூண்டில் போடலாம். 15ஆம் தேதி முதல் ஜூன் 15 வரை மீன்கள் முட்டையிடும் பருவம் என்று மூடிவிடுவார்கள். சால்மன், டிரௌட் மீன்களுக்கு வேறு கணக்கு. அத்தான் பிடிப்பது சப், ரோச், பார்பெல் போன்ற கெண்டைக் குடும்பத்து மீன்களை. “கோடையில் எவன் வேண்டுமானாலும் மீன் பிடிப்பான் மாப்ளே. குளிர்காலத்தில் வந்து பார். அப்போதுதான் இரை என்றால் என்னவென்று தெரியும்” என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அவர் தூண்டில் போடும் ஆறு வை. வேல்ஸில் பிளின்லிமன் மலையில் பிறந்து, சுமார் 250 கிலோமீட்டர் ஓடி, செப்ஸ்டோ அருகே செவர்னில் கலக்கிறது. ஹெரிஃபோர்டின் பழைய கல்பாலம் 1490இல் கட்டியது. அதன் மேல் நின்றால் ஒரு பக்கம் பேராலயம். 1300ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த உலகப்படம் ஒன்று அங்கே இருக்கிறது, ஒரே கன்றுக்குட்டித் தோலில். பாலத்துக்குக் கீழே ஆறு. இசையமைப்பாளர் எல்கரின் ‘எனிக்மா வேரியேஷன்ஸ்’ 1899இல் முதன்முதலாக இசைக்கப்பட்டது. அதில் பதினொன்றாவது பகுதி, பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் வளர்த்த டான் என்ற நாய் கரையிலிருந்து இந்த ஆற்றுக்குள் உருண்டு விழுந்து, நீந்திக் கரையேறிக் குரைத்ததை இசையாக்கியது. அந்தக் கரையைப் பார்த்தபோது எனக்கு நாய் மேல் பெரிய மரியாதை வந்தது. அவ்வளவு செங்குத்து.

தூண்டில் சாமான் கடைக்கு முதலில் போனோம். கதவைத் திறந்ததும் மரத்தூள் வாடையும் வேறொரு மந்தமான வாடையும் சேர்ந்து வந்தன. பின்சுவரில் பெரிய குளிர்பதனப் பெட்டி. அதற்குள் தட்டுத் தட்டாக ஈப்புழு, வெள்ளையும் சிவப்பும். நீல ஈ இடும் முட்டையிலிருந்து வருபவை. பாலும் பியரும் போலப் பைண்ட் கணக்கில் அளந்து தருகிறார்கள். ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்டியின் குளிர் கூடினாலும் குறைந்தாலும் வியாபாரம் கெட்டுவிடும். வெதுவெதுப்பில் வைத்தால் சில நாளில் புழு சுருண்டு பழுப்புக் கூடாகிவிடுகிறது. அந்தக் கூட்டையும் தனியே விற்கிறார்கள். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ரோச் மீனுக்கு அதைப்போல இல்லை என்பார்கள். ஒரு காலத்தில் புழுவுக்குப் பொன்பழுப்பு நிறமேற்றக் கிரைசாய்டின் என்ற சாயத்தைப் பயன்படுத்தினார்கள். கையில் ஒட்டும் அந்தச் சாயம் சிறுநீர்ப்பையில் புற்றை உண்டாக்கலாம் என்ற சந்தேகம் 1980களில் எழுந்ததும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். மீனுக்குப் பிடித்த நிறத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்!

அத்தான் ஒரே ஒரு பைண்ட் வாங்கினார். பக்கத்தில் எண்ணெய் மினுங்கும் கறுப்புத் தீவன உருண்டைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. அவற்றைத் தொடவே இல்லை. கேட்டேன். “ஆகஸ்டில் வாங்குவேன். இப்போது தண்ணீரில் அந்த எண்ணெய் வெளியே வராது, உறைந்த நெய் மாதிரி உள்ளேயே கிடக்கும்” என்றார். கடைக்காரரும் தலையாட்டினார். விற்கிறவரே வேண்டாம் என்று தலையாட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் விடியும் முன்பே ஊருக்குக் கீழே, வில்லோ மரங்கள் கவிந்த ஒரு வளைவுக்குப் போய்விட்டோம். புல்லில் உறைபனி நொறுங்கியது. அத்தான் பையிலிருந்து முதலில் எடுத்தது நூல் கட்டிய வெப்பமானி. ஆற்றில் இறக்கிச் சில நிமிடம் விட்டு எடுத்தார். ஐந்து டிகிரி. நேற்றும் ஐந்து, முந்தாநாளும் ஐந்து. “அப்படியானால் பிடிக்கலாம்” என்று சொல்லிவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

குளிர்கால இரையின் முழுக் கணக்கும் அந்த எண்ணில் இருக்கிறது. மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பமேதான். பத்து டிகிரி குறைந்தால் உடலின் இயக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கோடையில் இருபது டிகிரியில் திரிந்த மீனுக்கு ஐந்து டிகிரியில் தேவைப்படும் உணவு மூன்றில் ஒரு பங்குதான். தின்றது செரிக்கவும் நெடுநேரம் ஆகும். கோடையில் கைப்பிடி கைப்பிடியாகத் தீனி எறிந்து மீனைக் கூட்டுகிற பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், தூண்டிலைப் பார்ப்பதற்கு முன்பே அதன் வயிறு நிறைந்துவிடும்.

இன்னொன்று: ஐந்து என்ற எண்ணைவிட, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். எட்டிலிருந்து ஒரே இரவில் ஐந்துக்கு இறங்கிய ஆற்றில் மீன் வாயைத் திறக்காது. ஒரு வாரமாக ஐந்திலேயே நிற்கும் ஆற்றில் அது பழகிப்போய் மெல்ல மேயத் தொடங்கிவிடும். மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏறினால் இன்னும் நல்லது. பனி உருகி ஆற்றில் கலக்கும் நாள்தான் எல்லாவற்றிலும் மோசம்; வெயில் அடித்தாலும் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகும்.

ஆழத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் மீன் குளிருக்கு மடுவில் போய் ஒளியும் என்று பலரும் சொல்கிறார்கள். குளத்துக்கு அது சரி. தண்ணீர் நான்கு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் நான்கு டிகிரி தங்கிவிடும். ஓடும் ஆறு மேலும் கீழும் புரண்டு கலந்துகொண்டே இருப்பதால் அங்கே அடுக்கு நிற்பதில்லை. மீன் மடுவுக்கும் மரநிழலுக்கும் போவது ஓட்டத்தை எதிர்த்து நீந்துகிற செலவை மிச்சப்படுத்த. வேகமான ஓட்டமும் மந்தமான நீரும் உரசிக்கொள்ளும் கோட்டை அத்தான் காட்டினார். சப் மீன் மந்தத்தில் நின்றுகொண்டு, வேகம் கொண்டுவருவதை வாயை நீட்டி எடுத்துக்கொள்ளும். இரை அந்தக் கோட்டில் வந்தால்தான் அதற்கு லாபம். இரண்டு முழம் தள்ளிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படிப்பட்ட தெளிந்த, குளிர்ந்த தண்ணீருக்கு ரொட்டியைவிட நல்ல இரை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடையில் கிடைப்பதிலேயே மலிவான வெள்ளை ரொட்டி. அதை மிக்ஸியில் போட்டுப் பொடித்து, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு கம்பிக் கூட்டில் அடைக்கிறார்கள். அழுத்தி அடைத்தால் கூடு அடியில் கிடந்து மெல்ல மெல்ல உதிர்க்கும். லேசாக அடைத்தால் தண்ணீரில் பட்டதுமே வெண்புகையாகப் பரவும். அந்தப் புகையில் மீனுக்குச் சாப்பிட ஏறக்குறைய எதுவுமே இல்லை. வாசனையும் வெண்மையும் மட்டும் ஓட்டத்தோடு கீழே போகின்றன. அதைத் தேடி மேலே வரும் மீனுக்கு வயிற்றில் போட ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது, அது தூண்டில் முள்ளில் இருக்கிறது.

அந்தத் துண்டைக் கோப்பதற்கும் கைப்பழக்கம் வேண்டும். ரொட்டி அன்றைக்குச் சுட்டதாக, இன்னும் பசைத்தன்மை போகாததாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து கட்டைவிரல் அளவு பிய்த்து, மடித்து, முள்ளின் தண்டைச் சுற்றி மட்டும் அழுத்திவிட்டு, மறுபக்கத்தைப் பஞ்சாகவே விட்டுவிட வேண்டும். அழுத்திய பக்கம் பிடித்துக்கொள்ளும், பஞ்சுப் பக்கம் ஊறி உப்பி மெல்ல இறங்கும். முழுவதையும் உருட்டிவிட்டால் அது கூழாங்கல். அத்தானின் விரல்கள் குளிரில் சிவந்துபோய் இருந்தாலும் இந்த வேலைக்கு மட்டும் அவர் கையுறை போடுவதில்லை. பத்தாம் எண் முள். எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பது நம் ஊர்த் தூண்டில்காரர்களுக்கும் தெரிந்ததுதான். ஈப்புழு ஒன்றிரண்டைக் கோக்க இங்கே பதினெட்டு, இருபதுக்குப் போகிறார்கள். புழுவின் மொண்ணை முனையில் தோலை மட்டும் கிள்ளிக் குத்த வேண்டும். உள்ளே குத்தினால் சாறு போய், அசைவு நின்று, வெறும் தோல்தான் மிஞ்சும்.

அவர் ஒரே இடத்தில் உட்காரவில்லை. முதலில் கரையோடு நடந்து, நான்கைந்து இடங்களில் ஊறவைத்துப் பிழிந்த ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிட்டு வந்தார். பிறகு முதல் இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் கால் மணி, இருபது நிமிடம். மீன் வராவிட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்தது. குளிரில் மீன் இரையைத் தேடி அலையாது. நாம்தான் அலைய வேண்டும்.

மூன்றாவது இடத்தில், கிளைகளும் செத்தையும் சேர்ந்து மிதந்த ஒரு திட்டின் ஓரத்தில், தூண்டிலின் நுனி ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்து அப்படியே நின்றது. சுண்டியிழுக்கவே இல்லை. அத்தான் கையை வீசாமல் தூக்கினார். பித்தளை நிறச் செதில்களும் வெள்ளை உதடுமாக ஒரு சப் மீன், மூன்று பவுண்டுக்கு மேல் இருக்கும், வலைக்குள் வந்தது. முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது, எளிதாகக் கழன்றது. கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, தலை ஓட்டத்தைப் பார்க்குமாறு வைத்திருந்து விட்டார். இங்கே சட்டமும் அப்படித்தான், இவ்வளவு பெரிய சப்பை எடுத்துப்போக முடியாது. குழம்பு வைக்காத மீன்பிடியா என்று நம் ஊரில் கேட்பார்கள். அந்த மீன் நகர்ந்துபோனதைப் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. ஐந்து டிகிரி தண்ணீரில் அது தின்னச் சம்மதித்ததே போதுமென்று இருந்தது.

அன்று மாலை அக்காவின் அடுக்களை பாலாடைக்கட்டி வாடையில் மூழ்கியது. பழைய செடாரும் நீலப் பூஞ்சை ஓடிய வகையும் துருவி ஒரு பாத்திரத்தில். இது இங்கே மிகப் பழைய இரை. 1653இல் வந்த ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ நூலில் ஐசக் வால்டன் இதே சப் மீனுக்கு, காரம் மிகுந்த பாலாடைக்கட்டியை வெண்ணெயும் குங்குமப்பூவும் சேர்த்து உரலில் இடித்து, எலுமிச்சை நிறம் வரும்வரை பிசையச் சொல்கிறார். குளிர்மாதங்களுக்குப் பாலாடைக்கட்டியோடு டர்பன்டைன் சேர்ப்பவர்களும் உண்டு என்று எழுதியிருக்கிறார். முந்நூற்று எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதே மீனுக்கு அதே பண்டம்! குங்குமப்பூவும் டர்பன்டைனும் மட்டும் போய்விட்டன.

வால்டன் வெண்ணெய் சேர்த்ததற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். பாலாடைக்கட்டியின் கொழுப்பு குளிர்நீரில் இறுகிவிடும். அறைச் சூட்டில் மாவு போலக் குழைந்த உருண்டை, ஐந்து டிகிரி ஆற்றில் பத்து நிமிடம் கிடந்தால் கோலிக்குண்டாகிவிடும். மீன் வாயில் வைத்தாலும், நாம் இழுக்கும்போது முள் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வராது. அதனால் அத்தான் துருவலில் பாதிக்குப் பாதி நனைத்துப் பிழிந்த ரொட்டியைச் சேர்த்து, கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுப் பிசைந்தார். ஓர் உருண்டையைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தம்ளரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். காலையில் எடுத்து விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் இன்னும் ரொட்டி.

காவிரியில் கர்நாடகப் பக்கம் மகசீருக்கு ராகி மாவை உருட்டி, வேகவைத்துக் கெட்டியாக்கிப் போடுவார்கள். வெந்நிலத்து ஆற்றில் குஞ்சு மீன்கள் கொத்திக் கொத்தியே இரையைக் கரைத்துவிடும், அதனால் அங்கே இறுக்கம் வேண்டும். இங்கே குஞ்சுகள் குளிரில் அடங்கிக் கிடக்கின்றன, கொத்த ஆளில்லை. குளிரே இறுக்கிவிடுவதால் இளக்கம் வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் மாவு பிசைகிறவர்கள் தங்கள் ஆற்றை அறிந்து பிசைகிறார்கள்.

இரவில் காற்று திசைமாறி, தென்மேற்கிலிருந்து வீசத் தொடங்கியது. மழை. காலையில் தம்ளர் சோதனையில் உருண்டை நன்றாகவே அமுங்கியது, ஆனால் ஜன்னலைப் பார்த்த அத்தான் பாலாடைக்கட்டியை ஓரமாக வைத்துவிட்டார். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழை வெதுவெதுப்பானது. மத்தியானத்துக்குள் ஆறு ஓரடிக்கு மேல் ஏறி, வேல்ஸ் மலை மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக ஓடியது. வெப்பமானியில் எட்டு டிகிரி.

எட்டு டிகிரியில் பார்பெல் விழிக்கும். கோடையில் கூட்டமாக மேயும் இந்த மீன், ஆறேழு டிகிரிக்குக் கீழே போனால் கல்லோடு கல்லாகக் கிடக்கும். இப்படி ஒரு வெதுவெதுப்பான வெள்ளம் வந்தால் நடுக்குளிரிலும் எழுந்துவிடும். வை ஆற்றுக்கு அது பிற்காலத்து வரவு. பக்கத்து செவர்னிலேயே 1956இல்தான் கொண்டுவந்து விட்டார்கள். வாயோரத்து நான்கு மீசைகளால் அடியைத் தடவித் தின்னும் மீன் என்பதால், கலங்கிய தண்ணீர் அதற்கு ஒரு தடையே இல்லை. அங்கே ரொட்டியின் வெண்மைக்குப் பயனில்லை, வாசனைக்குத்தான் பயன்.

அதற்கு இரண்டு இரை வைத்திருந்தார். ஒன்று பெரிய மண்புழு. மழை விட்ட இரவில் டார்ச்சின் வெளிச்சத்தை மங்கலாக்கிக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்காமல் புல்வெளியில் நடந்து பொறுக்குவது. வளையில் வாலை வைத்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், பிடித்துக்கொண்டு அது தளரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாகக் கிள்ளிக் கோத்தால் சாறு கசிந்து ஓட்டத்தோடு போகும். இன்னொன்று டப்பாவில் வரும் பதப்படுத்திய பன்றி இறைச்சி. அதைக் கத்தியால் சதுரமாக வெட்டாமல் கையால் பிய்த்தார். சொரசொரப்பான பரப்பில் வாசனை கூடக் கசியும், ஓட்டத்தில் இயல்பாகவும் உருளும். பிய்த்ததை மஞ்சளும் கறிமசால் பொடியும் கலந்து புரட்டினார். நம் வீட்டுப் பழக்கம் என்று நினைத்தேன். இல்லை, ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் பல காலமாகச் செய்வதாம். பொடியை அவர்கள் கடையில் வாங்குகிறார்கள், அத்தான் அக்காவின் டப்பாவிலிருந்து எடுக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று பார்பெல் வரவில்லை, மண்புழுவுக்கு இரண்டு சப் வந்தன.

மழை விட்ட இடைவெளியில் மேல்கரையில் நின்று ஆற்றைப் பற்றிப் பேசினோம். வை ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இரண்டு கோடிக்கும் மேல் கோழிகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் எரு வயல்களுக்குப் போகிறது, வயலிலிருந்து பாஸ்பரஸ் ஆற்றுக்கு இறங்குகிறது. கோடையில் தண்ணீர் பச்சைக் குழம்பாகிறது, அடியில் வேர்விட்டு வெண்பூப் பூத்துக் கிடந்த நீர்ச்செடிகள் வெளிச்சமின்றிச் சாகின்றன. இங்கிலாந்துப் பகுதி ஆற்றின் நிலை சீரழிந்துவருகிறது என்று 2023இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே அறிவித்தது. குளிர்காலத்தில் பார்த்தால் எதுவும் தெரியாது, கண்ணாடி போல இருக்கும். “இதைக் கோடையில் பார்த்தால் அழுகை வரும் மாப்ளே” என்றார். இரையைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்து யோசிக்கிற மனிதருக்கு, டன் கணக்கில் ஆற்றில் கொட்டுகிற சத்து எவ்வளவு வலிக்கும் என்று புரிந்தது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987இல் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தார்கள். இன்று பாலத்தடியில் அன்னங்கள் நிறைய இருக்கின்றன. தூண்டில்காரர்கள் தங்கள் பங்கைத் திருத்திக்கொண்டார்கள். கோழிப் பண்ணைகளும் திருந்தியாக வேண்டும்.

மேலே வேல்ஸ் பக்கம், கல்லும் வேகமும் நிறைந்த பகுதியில் கிரேலிங் மீன் இருக்கிறது. வசந்தத்தில் முட்டையிடுவதால் குளிர்காலம்தான் அதற்குக் கொழுத்த காலம். உறைபனி நாளிலும் சின்னச் சிவப்புப் புழுவைத் தக்கையோடு ஓட்டத்தில் விட்டால் எடுக்கும். எந்த இரைக்கு அனுமதி என்பதை அங்கே பகுதிக்குப் பகுதி கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு நேரமில்லை, போகவில்லை.

வெள்ளம் வடிந்து தண்ணீர் பழுப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறிய அந்தியில்தான் பாலாடைக்கட்டிக்கு முறை வந்தது. முழங்கை ஆழம்வரை கண்ணுக்குத் தெரிந்தது, ஆறு டிகிரி. தூண்டிலைத் தாங்கியில் வைக்காமல், நரம்பை விரலில் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார் அத்தான். பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை, வேகமும் மந்தமும் உரசும் அந்தக் கோட்டில் கிடந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது நரம்பு விரலில் ஊர்ந்தது. தூக்கினேன், கனம் அப்படியே வந்து நின்றது. நாலேகால் பவுண்டு என்று அத்தான் தராசைப் பார்த்துச் சொன்னார். அதன் வாயோரத்தில் பாலாடைக்கட்டி இன்னும் மெத்தென்று ஒட்டியிருந்தது.

மீனை விட்டுவிட்டு வரும்போது மேற்கு வானம் மேகமே இல்லாமல் திறந்திருந்தது. காரில் ஏறுமுன் அத்தான் வெப்பமானியை மறுபடி இறக்கிப் பார்த்தார். ஆறுக்குக் கொஞ்சம் கீழே. இரவு உறையும், காலையில் நான்கைத் தொடும் என்றார். மிச்சமிருந்த உருண்டைகளை ஃபிரீசரில் வைக்க வேண்டும். நாளைக்குப் பாலாடைக்கட்டி வேண்டாம், ரொட்டிகூடப் பெரிய துண்டாக வேண்டாம், கடுகளவு முள்ளில் இரண்டு ஈப்புழு, பாலத்துக்குக் கீழே ரோச் மீனுக்கு என்று திட்டம் போட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.